ராஜிக்கு, குவாதலஹாராவிலிருந்து

அன்புள்ள ராஜி,

உன் மூன்று குரல் செய்திகளுக்கும் பதில் போடாததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, சோம்பல்தான். மூன்றாவதில் நீ திட்டிய திட்டை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, "சரியாத்தானே சொல்றா" என்றார் இவர். எல்லோரும் நலம். பெரியவள் ஸ்பானிஷில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள், சின்னவனுக்கு இன்னும் ரசம் சாதம்தான். உன் அப்பா விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன், அதை இந்த அவசரத்தில் தொட மனசில்லை.

முதலில் நீ அனுப்பிய அந்த ஃபார்வர்டு. மெக்சிகோ தக்காளி சால்சா, அதாவது இந்த ஊர்த் தக்காளிச் சட்னி, தினமும் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் புற்றுநோய் கிட்டேயே வராதாம். யாருக்கு அனுப்புகிறோம் என்று யோசித்தாயா டி? ஏப்ரலில் எனக்கு ரத்த அழுத்தம் 150-க்கு 96. அதில் சால்சாவுக்கும் பங்கு உண்டு.

சிரிக்காதே. வந்த புதிதில் சிவப்பு சால்சாவைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, தக்காளி, மிளகாய், வெங்காயம், பூண்டு, எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, இதில் என்ன கெடுதல் இருக்க முடியும் என்றுதான். பாட்டில் பாட்டிலாக வாங்கினேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு பாக்கெட் தொத்தோப்போ, அதாவது நம்ம அப்பளத்தை முக்கோணமாக வெட்டிப் பொரித்த மாதிரி ஒரு சோளச் சமாச்சாரம், அதை வைத்து அரை பாட்டிலை வழித்துவிடுவேன். பாட்டில் முகப்பில் எண்கோணமாக ஒரு கறுப்பு முத்திரை. ஏதோ தரத்துக்கான விருது போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! 'எக்ஸெசோ சோடியோ', உப்பு அதிகம் என்று அரசாங்கம் போடவைத்த எச்சரிக்கை அது. 2020 அக்டோபரிலிருந்து இங்கே உப்பு அளவுக்கு மீறிய பாக்கெட்டிலெல்லாம் உண்டு. டாக்டர் அதை விளக்கியபோது நான் என்ன படித்தேன், எங்கே படித்தேன் என்பதைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பின்பக்கத்தைப் படித்தால் 100 கிராமுக்குச் சோடியம் 700 மில்லிகிராம். நான் உள்ளே தள்ளியது சாதாரணமாக 200 கிராம் இருக்கும். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 1,400 சாயங்காலத் தீனிக்கே போய்விட்டது. அதற்கு மேல் ஊரிலிருந்து வந்த மாவடு வேறு, அந்தக் கணக்கைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

இதைக் கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லப்போக, பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார் பார், நம்ம மெஸ் பாக்கியம் அக்கா ஊசிப்போன சாம்பார் வாளியைப் பார்க்கிற அதே பார்வை. சனிக்கிழமை வரச் சொன்னார். மோல்காஹேத்தே என்று மூன்று கால் வைத்த எரிமலைக் கல் உரல் ஒன்று வைத்திருக்கிறார், அவருடைய மாமியாருடையது. புதுசாக வாங்கினால் அரிசி போட்டுத் திரும்பத் திரும்ப அரைத்து, கல் துகள் வருவது நின்ற பிறகுதான் புழங்க வேண்டுமாம். எனக்கு ஊரில் புது ஆட்டுக்கல் வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

நாலு தக்காளி, இரண்டு செர்ரானோ மிளகாய், தோலோடு பூண்டு, கால் வெங்காயம், எல்லாவற்றையும் காய்ந்த தோசைக்கல்லில் (கொமால் என்கிறார்கள்) அப்படியே போட்டுக் கறுக்கக் கறுக்கச் சுட வேண்டும். பிறகு உரலில் அரைக்கப் பூண்டும் கல்லுப்பும் முதலில், அப்புறம் மிளகாய், தக்காளி கடைசியில். மிக்ஸியில் அடித்தால் நுரைத்துக் குழம்பாகிவிடும், இதில் பிசிறு பிசிறாக நிற்கிறது. தாளிக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். பதில் இல்லை. இன்னொரு வேடிக்கை, இங்கே சிவப்புத் தக்காளிக்கு ஹிதோமாத்தே என்று பெயர். தொமாத்தே என்று கேட்டால் மேலே காகிதம் போல உறை மூடிய பச்சைக் காயைக் கொடுக்கிறார்கள். நாம் வாய்க்கால் கரையில் நெற்றியில் அடித்து உடைப்போமே சொடக்குத் தக்காளி, அதன் பெரியப்பா மகன்.

சரி, உன் ஃபார்வர்டுக்கு வருகிறேன். முழுப் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன், சுட்டு நசுக்கினால் செல் சுவர் உடைந்து உடம்புக்குச் சுலபமாகச் சேர்கிறது. கொழுப்பில் கரைகிற சரக்கு என்பதால் கூடக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 11 பேருக்குச் சால்சாவை அவகாடோவோடும் இல்லாமலும் கொடுத்துப் பார்த்து 2005-இல் எழுதினார்கள், அவகாடோ சேர்ந்தபோது லைக்கோபீன் 4.4 மடங்கு கூடுதலாக ரத்தத்தில் சேர்ந்ததாம். ஆனால் ரத்தத்தில் சேர்வது வேறு, புற்றுநோயைத் தடுப்பது வேறு. அதே 2005-இல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தக்காளியையும் ப்ராஸ்டேட் புற்றுநோயையும் பற்றிய ஆய்வுகளை அலசிவிட்டு, ஆதாரம் ரொம்பக் கொஞ்சம் என்று கையை விரித்துவிட்டது. மற்றபடி தக்காளி 100 கிராமில் 95 பங்கு தண்ணீர், 18 கலோரி, வைட்டமின் சி 14 மில்லிகிராம் போல. இரண்டு ஸ்பூனில் எவ்வளவு வரும் என்று நீயே போடு, கணக்கு டீச்சர் நீதானே. அதிலும் சுட்டால் சி கொஞ்சம் போய்விடும்.

அந்த அம்மாவின் மேசையில் நான் பார்த்தது வேறு. நாள் முழுக்க வெந்த கறுப்பு பீன்ஸ், நறுக்கி வதக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், இரண்டு சோள ரொட்டி. சால்சா இல்லாவிட்டால் இதைச் சின்னவன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், அது இருந்ததால் இரண்டாம் தடவை கேட்டான். என்னைக் கேட்டால் சால்சாவின் பலன் அவ்வளவுதான், கூட இருப்பதைச் சாப்பிட வைக்கிறது. தொத்தோப்போவைச் சாப்பிட வைத்தால் அதே சால்சா ஆளைக் கவிழ்க்கும். உப்புப் போடுகிற கை நம் கையாக இருக்கிறது, அது ஒரு நிம்மதி. இப்போது 132-க்கு 84, ஆனால் மாத்திரையும் நடையும் சேர்ந்து செய்த வேலை அது, தக்காளிக்குப் பேர் வாங்கிக் கொடுக்காதே.

இனி அப்பா. இரண்டாவது குரல் செய்தியில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்த அளவு) ஏறிவிட்டது என்று போகிற போக்கில் சொன்னாய், உடனே பேச்சை மாற்றினாய். உன்னைத் தெரியாதா எனக்கு. ராஜி, அந்த ஃபார்வர்டைப் பார்த்து அவருக்கு இதைச் செய்து கொடுக்காதே. தக்காளி 100 கிராமில் பொட்டாசியம் 237 மில்லிகிராம் இருக்கிறது, அவகாடோவில் அதைப் போல இரண்டு மடங்கு. சிறுநீரகம் தளர்ந்தால் அதை வெளியேற்ற முடியாமல் போகலாம், கூடிப்போனால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும். பொட்டாசியம் எவ்வளவு என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அப்புறம் தக்காளியைத் தொடு. உப்பு குறைவாக என்று எழுதி விற்கிற உப்பு சிலவற்றில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம்தான் இருக்கும், அதையும் பார்த்து வாங்கு.

போன வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் கூப்பிடவில்லை. வேலை என்று சொன்னேன். வேலை இல்லை, உன் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. விடுதிக்கு வரும்போதெல்லாம் உனக்கொரு பொட்டலம், எனக்கொரு பொட்டலம் என்று சேவு வாங்கி வந்த மனுஷன்.

ரிசல்ட் சீட்டைப் படம் எடுத்து அனுப்பு, இரண்டு பக்கமும். கொல்லையில் கிடக்கிற அம்மியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, டிசம்பரில் வருகிறேன். வாலு மாலாவிடம் இந்த 150 விஷயத்தை மட்டும் சொல்லாதே, தாயே.

உன்,
கல்யாணி