பூடான் கட்டுரையில் விடுபட்ட ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பூடான் பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எண்பதுகளில் அந்த நாட்டின் கிழக்குக் கோடியில், டிராஷிகாங் பக்கம், ஆறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கூரை மேல் சிவப்புச் சிவப்பாக மிளகாய் காய்கிற படத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. ஆனால் கல்வியைப் பற்றி எழுதும்போது ‘அரசு பள்ளிகளைத் திறந்தது’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டார் கட்டுரையாளர். திறந்தது சரி, நடத்தியது யார்?

1963ல் கனடாவைச் சேர்ந்த வில்லியம் மெக்கியைப் பூடான் அரசு அழைத்தது. சேசு சபை (ஜெசுவிட்) என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு அவர். 1946 முதல் டார்ஜிலிங் பகுதியில் பள்ளி வேலை பார்த்தவர். அப்போது பூடானில் நவீனப் பள்ளிகள் குறைவுதான். மதம் மாற்றக் கூடாது என்பது அரசின் நிபந்தனை. ஒப்புக்கொண்டு டிராஷிகாங்கில் பள்ளியைத் தொடங்கினார், சொன்ன சொல்லைக் கடைசி வரை காப்பாற்றினார். பக்கத்தில் காங்லுங்கில் 1968ல் திறந்த ஷெருப்சே பள்ளிக்கும் அவர்தான் முதல்வர். 1983ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பு தொடங்கி, நாட்டின் முதல் கல்லூரியானது அந்த ஷெருப்சேதான்.

என்னோடு வேலை பார்த்த பூடான் ஆசிரியர் ஒருவர் அங்கே படித்தவர். தினமும் காலையில் எங்கள் பிள்ளைகள் பனியில் கைகூப்பி நின்று மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் துதியைச் சொல்வார்கள். அறிவுக்கு அதிபதி அவர். “ஃபாதர் இருந்தபோதும் காலையில் இதே பிரார்த்தனைதான் சார்” என்றார் அந்த ஆசிரியர் ஒருநாள். நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் பாளையங்கோட்டை சவேரியார் கல்லூரியில் சேசு சபைக் குருக்களிடம் படித்தவன். அதனாலோ என்னவோ, அன்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஒரு சாமியார் இன்னொரு மதத்துப் பிள்ளைகளின் பிரார்த்தனைக்கு இடம்விட்டு, அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தே காலம் கழித்தார் என்றால் அது சின்ன விஷயமா?

பூடான் மக்களும் மறக்கவில்லை. 1973ல் அந்த நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றை மன்னர் அவருக்கு அணிவித்தார். பின்னாளில் குடியுரிமையும் தந்தார்கள். அவருடைய சபையின் பணி 1988ல் அங்கே முடிவுக்கு வந்தது. மெக்கி மட்டும் போகவில்லை. 1995ல் திம்புவிலேயே காலமானார்.

அப்புறம், பூடானுக்கும் சேசு சபைக்கும் இது புது உறவும் இல்லை. 1627லேயே கசெல்லா, கப்ரால் என்ற இரண்டு போர்த்துகீசிய சேசு சபைக் குருக்கள் திபெத் போகும் வழியில் பூடானுக்கு வந்திருக்கிறார்கள். நாட்டை ஒன்றுபடுத்திய ஷப்துருங் நவாங் நம்கியால் மாதக்கணக்கில் அவர்களைத் தங்கவைத்து உபசரித்தார்.

கட்டுரையாளர் பாரோவும் திம்புவும் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அடுத்த முறை அவரைக் கிழக்கே அனுப்புங்கள். சாலை வளைந்து வளைந்துதான் போகும், வயிற்றைப் புரட்டும். ஆனால் காங்லுங் கடைத்தெருவில் நரைத்த தலை யாரையாவது நிறுத்தி ‘ஃபாதர் மெக்கி’ என்று சொல்லிப் பார்க்கட்டும். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
பாளையங்கோட்டை