ஒப்பரேஷனுக்குப் போகும் அம்மாவின் மகளுக்கு

அன்புள்ள தங்கச்சி,

மலக்குடலில் கட்டி இருக்கும் பகுதியை வெட்டியெடுத்துக் குடலை இணைப்போம், இணைத்த இடம் ஆறும் வரை மலம் சேர வயிற்றில் ஒரு பை இருக்கும் என்று அம்மாவுக்குக் கண்டியில் சொல்லிவிட்டார்கள். வெட்டுவதும் தைப்பதும் அவர்கள் பாடு. ஆனால் அம்மா வெற்றிலை போடுகிறவர், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர், லயத்து (தோட்ட வரிசை வீட்டு) கக்கூசுக்குப் படி இறங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் கிளினிக் கொப்பியில் இல்லை. நம்மாட்கள் டொக்டர் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வருவார்கள். அதனால் நீ கூடப் போ.

முதலில் வெற்றிலை. பாக்கும் புகையிலையும் பல வருஷம் மென்றால் சிலருக்கு வாயின் உட்பக்கம் தடித்து இறுகி, வாய் முழுதாகத் திறக்காது. மயக்க மருந்து கொடுத்ததும் தொண்டைக்குள் சுவாசக் குழாய் போட வேண்டும். வாய் திறக்காதது அப்போது தெரியவந்தால் ஆபத்து. வீட்டிலேயே பார்த்துவிடு. அம்மாவின் மூன்று விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே நுழைகிறதா? நுழையாவிட்டால் மயக்க மருந்து டொக்டரிடம் முன்கூட்டியே சொல். வேறு முறைக்கு ஆயத்தமாக இருப்பார்கள். புகையிலையை இன்றைக்கே விடட்டும். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். இணைத்த குடல் ஆறுவதற்கு இரத்தம் ஓட வேண்டும்.

அடுத்து, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேள். கட்டியில் இரத்தம் கசிந்தே பலருக்கு இரத்தம் குறைந்திருக்கும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் தேத்தண்ணியோடு விழுங்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம், சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. அதே மாத்திரை மலத்தைக் கறுப்பாக ஒட்டவைக்கும் என்பதால், குடலைக் கழுவுவதற்கு ஒரு கிழமை முன்பு நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமல் இருக்கவோ சீனி வருத்தத்துக்கோ மாத்திரை எடுத்தால் எதை, எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம்.

பேதி மருந்து எல்லாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்தால், தூளைக் கரைத்த தண்ணீரை 3, 4 லீட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். கடைசியில் மூத்திரம் போல் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போனால் குடல் சுத்தம். ராத்திரியில், மழையில், லயத்திலிருந்து இருபது தடவை கக்கூசுக்கு ஓடுவது நடக்கிற காரியமில்லை. முதல் நாளே வார்டில் அனுமதிக்கச் சொல்லிக் கேள். பொதுவாக ஒப்பரேஷனுக்கு 6 மணித்தியாலத்துக்கு முன்பே சாப்பாட்டை நிறுத்த வேண்டும், பால் தேத்தண்ணியும் சாப்பாட்டுக் கணக்குத்தான். வெறும் தண்ணீரும் பிளேன்டீயும் 2 மணித்தியாலம் முன்பு வரை. வார்டில் வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி.

பை வரும் இடத்தைப் பேனாவால் குறிக்கும்போது கவனம். படுக்கவைத்து மட்டும் குறித்தால் போதாது. உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்க்க வேண்டும். அம்மா சேலை செருகும் இடம், படங்குக் கயிறு இறுகும் இடம், வயிறு மடியும் கோடு மூன்றையும் காட்டு. கயிறு பைமேல் விழுந்தால் ஒட்டு கழன்று கசியும், கசிந்தால் தோல் வெந்துவிடும்.

ஒப்பரேஷனுக்கு அடுத்த நாளே எழுப்பி நடக்கவைப்பார்கள். பாவம் என்று தடுக்காதே. நடந்தால் குடல் சீக்கிரம் அசையும், காலில் இரத்தம் கட்டாது, சளி தேங்காது. இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளட்டும். பையில் காற்று நிறைந்தால் சந்தோஷப்படு, குடல் அசையத் தொடங்கிவிட்டது. ஆசனவாயால் சளி போல் கொஞ்சம் வருவதும் வழக்கம்தான்.

பயப்பட வேண்டியது இணைத்த இடம் விட்டுப்போவதற்கு. பெரும்பாலும் முதல் பத்து நாளுக்குள், சில நேரம் வீட்டுக்கு வந்த பிறகும் நடக்கும். காய்ச்சல், நாடி நிமிஷத்துக்கு நூறுக்கு மேல், குறைந்துவந்த வலி மறுபடி கூடுவது, வயிறு உப்பி வாந்தி. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடு, காசில்லை. ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த டயக்னோசிஸ் கார்டைக் கையில் வைத்துக்கொள்.

பை மாற்றக் காலை வெறுவயிறுதான் தோதான நேரம். மேலிருந்து கீழாக மெதுவாக உரி. வெதுவெதுப்பான தண்ணீரில் துடை; டெட்டோல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். தோல் முழுதாகக் காயட்டும். ஒட்டில் உள்ள ஓட்டையை, வயிற்றில் வெளியே தெரியும் குடல் வாயான ஸ்டோமாவைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்டு. நம்ம பக்கத்துக் குளிரில் ஒட்டு விறைத்துப் போகும். அக்குளில் சில நிமிஷம் வைத்துச் சூடாக்கி ஒட்டி, உள்ளங்கையால் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடி. முதல் இரண்டு மாதம் ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும், பழைய அளவில் வெட்டக் கூடாது. உதட்டின் உட்பக்கம் போல் சிவந்து ஈரமாக இருக்க வேண்டும். கறுத்தால் உடனே ஆஸ்பத்திரி. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி பண்ணு, பாரம் ஒட்டை இழுக்கும்.

நீ கட்டாயம் வாங்க வேண்டியது அளவுக் கோடு போட்ட ஒரு ஜக். பை சிறுகுடலிலிருந்து வருவதைச் சேர்ப்பது என்றால் ஒரு நாளில் வருவதை அளந்து எழுது. கஞ்சிப் பதத்தில் ஒரு லீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஒன்றரை லீட்டரைத் தாண்டினால் உடம்பு உப்பை இழக்கிறது. தாகம் என்று தண்ணீரும் பிளேன்டீயுமாகக் குடித்தால் அது குடலுக்குள் உப்பை இழுத்துக்கொண்டு இன்னும் கூடுதலாக வெளியேறும். அதற்கென்று ஒரு கலவை உண்டு: ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீருக்கு, 5 மில்லிலீட்டர் கரண்டியால் குளுக்கோஸ் 6 மட்டக் கரண்டி, உப்பு 1 மட்டக் கரண்டி, அப்பச் சோடா அரைக் கரண்டி. நாள் முழுக்க மிடறு மிடறாக. பிரஷர், சீனி, சிறுநீரக வருத்தம் இருந்தால் கிளினிக்கில் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூத்திரம் குறைந்து, எழும்பும்போது தலை சுற்றினால் கலவையை நம்பி வீட்டில் இருக்காதே.

சாப்பாட்டில் முட்டை, மீன், குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம். பலாச்சுளை, பொலஸ் (பலாப்பிஞ்சு), சோளம், காளான், முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய்ச் சொட்டு முதல் ஆறு எட்டுக் கிழமை வேண்டாம், வழியை அடைத்துவிடும்.

ஆறு கிழமைக்கு 4 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. பீலியில் (தண்ணீர்க் குழாயில்) பிடிக்கும் தண்ணீர் ஒரு வாளியே 10 கிலோ, கொழுந்து நிறைந்த கூடையைச் சொல்லவே வேண்டாம். மூன்று மாதம் தாண்டியும், டொக்டர் சரி என்ற பிறகுதான் பாரம். முந்தித் தூக்கினால் பைக்குப் பக்கத்தில் குடல் பிதுங்கும். தோட்டத்தில் இலேசான வேலை கேட்க கிளினிக்கில் கடிதம் வாங்கு. கேட்டால்தான் எழுதித் தருவார்கள்.

அன்புடன்,
அக்கா