டயாலிசிஸ் நடுவே வரும் நடுக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கழுத்துச் சிரையில் போட்ட டியூப் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, இயந்திரத்தில் இணைத்த ஒரு மணி நேரத்துக்குள் உடல் நடுங்கிக் காய்ச்சல் வந்தால், பாராசிட்டமாலும் ஒரு ஊசியும் போட்டு வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. டியூபில் ஒட்டியிருக்கும் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன என்றே முதலில் கொள்ள வேண்டும். டியூபைச் சுற்றி ஆழ்சிரையில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டிக்குள்ளும் கிருமி புகுந்திருந்தால் சிகிச்சை நாள்கணக்கில் முடியாது, வாரக்கணக்கில் நீளும்.

டியூப் சிரையின் உட்சுவரை உரசிக்கொண்டே இருக்கிறது. உரசிய இடத்தில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற நார்ப்புரதம் படிந்து கட்டி வளர்கிறது. தோல் வழியாகவோ, டியூபின் மூடியைத் திறக்கும்போதோ நுழையும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி அதற்குள் பத்திரமாகத் தங்கிவிடும். ரத்த ஓட்டம் இல்லாததால் வெள்ளணுக்களும் மருந்தும் உள்ளே சரியாக எட்டுவதில்லை. கட்டியிலிருந்து உதிரும் துணுக்குகள் நுரையீரலில் போய் அடைத்துச் சீழ் வைக்கும். இருமல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், சளியில் ரத்தம் என்று வரும்போது இதை நிமோனியா என்றோ காசநோய் என்றோ நினைத்துவிட வாய்ப்புண்டு. டியூப் நுழையும் இடத்தில் சிவப்போ சீழோ இல்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம்.

ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்தாக வேண்டும். மருந்து போட்ட பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். பிறகு எந்தக் கிருமி என்று தெரியாமல் வாரக்கணக்கில் இருட்டில்தான் வைத்தியம். டியூபிலிருந்து ஒன்று, வெளிச்சிரையிலிருந்து ஒன்று, பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை, ஒரே நேரத்தில். எது எங்கே எடுத்தது என்று பாட்டிலின் மேல் எழுத வேண்டும்: டியூப் பாட்டில் இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் கிருமியின் இருப்பிடம் டியூப்தான். ஃபிஸ்டுலாவுக்கென (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் அறுவையில் இணைப்பது) ஒதுக்கிய கையின் சிரையைக் குத்தாமல் புறங்கையில் எடுக்கலாம்.

எடுத்த கையோடு மருந்தைத் தொடங்க வேண்டும். கல்ச்சர் முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. பொதுவாக வான்கோமைசினும், கிராம் நெகட்டிவ் என்ற வேறு வகைக் கிருமிகளுக்கான இன்னொரு மருந்தும். ஒரு கிராம் வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும்; வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து அரிக்கும், ரத்த அழுத்தமும் இறங்கும். மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று தெரிந்தால் செஃபசோலினுக்கு மாற்றுவதே நல்லது. டயாலிசிஸ் முடிந்ததும் 2 கிராம் போட்டால் அடுத்த முறை வரை தாங்கும் என்பது அதில் பெரிய வசதி.

கட்டியில் கிருமி இருந்தால் டியூபை எடுத்தே ஆக வேண்டும். அதே துளையில் கம்பி வழியாகப் புது டியூப் மாற்றுவது இங்கே உதவாது. எடுக்கும்போது நோயாளி தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். இல்லையேல் காற்று சிரைக்குள் போய்விடும். எடுத்து மூன்று நாளாகியும் காய்ச்சல் நின்றபாடில்லை, அல்லது கல்ச்சரில் கிருமி தொடர்கிறது என்றால் சிரையின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் இதய எக்கோவும் அவசியம். காரை எலும்புக்குப் பின்னால் உள்ள சிரையை டாப்ளர் தவறவிடக்கூடும். அப்போது சாய மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சி.டி. தேவைப்படும்.

சிரைவழி மருந்து வழக்கமாக 4 முதல் 6 வாரம். நாள் எண்ணத் தொடங்குவது காய்ச்சல் விட்ட அன்றைக்கு அல்ல, கல்ச்சர் முதன்முதலில் சுத்தமாக வந்த நாளிலிருந்து. பத்தாம் நாள் தெம்பு வந்ததும் நிறுத்துபவர்களுக்கு முதுகெலும்பிலோ இதய வால்விலோ நோய் மறுபடி தலைகாட்டலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் எல்லோருக்கும் தேவையா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. கட்டி பெரிதாகி வந்து, ரத்தக்கசிவு அபாயமும் குறைவாக இருந்தால் கொடுக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு எனாக்ஸாபரின் என்ற ஹெப்பாரின் வகை உடலில் தேங்கும் என்பதால் சாதாரண ஹெப்பாரினே பாதுகாப்பு. அறுவை சிகிச்சை அரிதாகவே வேண்டியிருக்கும்.

தற்காலிக டியூபை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதே அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் கே.டி.ஓ.க்யூ.ஐ. வழிகாட்டுதலின் 2019 பதிப்பு தரும் அறிவுரை. ஃபிஸ்டுலா முதிர்ந்து பயனுக்கு வர ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்தவுடனேயே, டியூப் போடும் நிலை வரும்வரை காத்திராமல், அறுவை மருத்துவரிடம் அனுப்பிவிட வேண்டும். டயாலிசிஸ் மையங்களிடம் எங்கள் வேண்டுகோள்: கல்ச்சர் பாட்டில்கள் எந்நேரமும் டயாலிசிஸ் அறையிலேயே இருக்கட்டும், டியூப் போட்ட தேதியையும் கல்ச்சர் முடிவையும் நோயாளியின் நோட்டில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்கள்