பூங்காவில் கத்தரிச் செடிக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

மதுரை மாநகராட்சி ஆணையருக்கும் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஆனையூர்ப் பக்கம் குடியிருக்கிறவன் எழுதுகிறேன். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி எங்களுடையது. எங்களைப் போன்ற விரிவாக்கப் பகுதிகளில் லேஅவுட் வரைபடத்தில் பச்சை அடித்துக் காட்டிய பூங்கா இடங்கள் நிறைய உண்டு. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலம் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்துவிடும். சில இடங்களில் நடைபாதையும் ஊஞ்சலும் வந்தன. மற்ற இடங்களில் சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும்தான்.

அப்படிப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் கால் பங்கில் அக்கம்பக்கத்தார் கீரையும் காய்கறியும் போட அனுமதி கொடுங்கள். நிதி ஒதுக்கச் சொல்லவில்லை. எழுத்தில் ஓர் உத்தரவு, ஒரு தண்ணீர்க் குழாய், கேட்டால் பதில் சொல்ல ஓர் அதிகாரி, இவ்வளவு போதும்.

மாடித் தோட்டத்துக்குத்தான் தோட்டக்கலைத் துறை மானியத்தில் பையும் விதையும் கொடுக்கிறதே என்பீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு மாடி ஏது? தொட்டி வைத்தால் தண்ணீர் ஒழுகும் என்று வீட்டு ஓனர் முதல் நாளே சொல்லிவிடுவார். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவரைக்கு எப்போது பந்தல் போடுவது, வெண்டையை எத்தனை நாளுக்கு ஒரு தரம் பறிப்பது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

உணவு விஷயத்தில் மதுரைக்குத் தொடங்கிவைத்துப் பழக்கம் உண்டு. தமிழகத்தின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில்தான் திறந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று கீழ அண்ணாத்தோப்பு ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது. அவனியாபுரத்தில் கழிவுநீரைப் பாய்ச்சி மாட்டுப் புல் வளர்த்த பண்ணை நீங்கள் அறியாததல்ல. மாட்டுக்குப் புல் வளர்த்த ஊர், மனுசருக்குக் கீரை போட இடம் தரக் கூச்சப்பட வேண்டாம்.

உங்கள் தயக்கம் எங்கே என்பது தெரியும். இன்றைக்குக் கத்தரிச் செடி, அடுத்த மாதம் வேலி, அப்புறம் ஒரு தகரக் கொட்டகை, கடைசியில் ஒரு கொடிக்கம்பமோ பிள்ளையாரோ. பயம் நியாயமானது, நாங்களும் பார்த்திருக்கிறோம். அதனால் நிபந்தனைகளை நீங்களே கடுமையாகப் போடுங்கள். வீட்டுக்கு ஒரு பாத்தி. ஆனியில் தொடங்கி அடுத்த ஆனியில் அனுமதி தானாக முடிந்துவிட வேண்டும். செங்கல், சிமென்ட், தகரம் எதுவும் கூடாது. தென்னை, மா வைக்கவே விடாதீர்கள். மரம் வைத்தவர் பிறகு இடத்துக்கே உரிமை கேட்பார். மூன்று மாதம் தரிசாகப் போட்டால் பாத்தி அடுத்தவருக்கு. உண்மையில் ஆள் புழங்காத காலி இடம்தான் ஆக்கிரமிப்புக்கு லேசாகப் போகும். தினமும் பத்துப் பேர் தண்ணீர் ஊற்ற வருகிற இடத்தில் கொட்டகை போடுவது சிரமம்.

திருட்டுப் போகுமே என்றும் கேட்பார்கள். போகும். ஜெர்மனியில் ஆன்டர்னாக் என்ற ஊரில் 2010 முதல் நகராட்சியே பொது இடங்களில் காய்கறி நட்டு, யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். சுற்றுச்சுவரை ஒட்டி மட்டும் மாநகராட்சி செடிமுருங்கை நட்டு, அதை எல்லோருக்கும் பொது என்று அறிவிக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரக விதை போட்டால் ஆறேழு மாதத்தில் காய்க்கும்.

தண்ணீர், மண் இரண்டிலும்தான் கவனம் வேண்டும். குடிநீர் லைனில் கை வைக்க வேண்டாம். பூங்காவின் போர்வெல் தண்ணீர் போதும். சித்திரை, வைகாசியில் பாத்தி சும்மா கிடக்கட்டும், ஆடிப்பட்டத்தில் விதைத்து ஐப்பசி மழையைப் பிடித்துக்கொள்வோம். இடிபாடு கொட்டிய இடத்தில் நேரடியாக விதைக்கக் கூடாது. அதை அள்ளிவிட்டு, நல்ல மண் போட்டு மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும். உரம், நீங்கள் குப்பையிலிருந்து தயாரிக்கும் மையங்களிலேயே இருக்கிறது. தரம் பார்த்துக் கொடுத்தால் போதும். சாலையோரம் கீரை வேண்டாம், வாகனப் புகையும் தூசியும் இலையில்தான் படியும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, எந்த இடத்து மண் ஆகும் ஆகாது என்று அவர்களைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு வாக்காளர்கள் சேர்ந்து தோட்டத் துண்டு வேண்டுமென எழுதிக் கொடுத்தால் உள்ளாட்சி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். நமக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. வார்டு குழுவும் பகுதி சபையும் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கின்றன. பாத்தி யாருக்கு என்பதை அங்கே எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல் போட்டு முடிக்கலாம்.

நூறு வார்டிலும் ஒரே நாளில் வேண்டாம். ஐந்து மண்டலங்களிலும் தலா ஒரு பூங்கா, ஓராண்டு பார்க்கலாம். ஆடி பிறக்கும் முன் நடக்கும் மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். எங்கள் தெருவில் மனுவில் கையெழுத்துப் போட ஆட்கள் தயார். அதை எந்த அதிகாரியிடம் கொடுப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆனையூர்க் குடியிருப்பாளர் ஒருவர்