கில்மரும் ஹூபர்டோவும்: கல்கரியில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகன்,

போன சனிக்கிழமை நீயும் உன் கூட்டாளிகளும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னோடு சண்டை பிடித்ததில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஐஸ் ஹொக்கியைப் பற்றி என்னோடு வாதாடுவது எனக்குச் சந்தோஷம். 2022 இல் கல்கரி கச்சக்கை ஃபுளோரிடாவுக்குக் கொடுத்து ஹூபர்டோவை எடுத்த ட்ரேட், அதாவது ஆள் மாற்று, மடத்தனம் என்பதுதான் உங்கள் வாதம். ஆனால் கடைசியில் நீ ஹூபர்டோவைப் பற்றி, "எங்கட காசைத் தின்றுகொண்டு இருக்கிறான்" என்றாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை. போனில் இதைச் சொல்லி முடிக்க ஏலாது. நான் வாய் திறக்க முதல், "ஃபுளோரிடா ரெண்டு ஸ்டான்லி கப் எடுத்திட்டுது அம்மா, கதை முடிஞ்சுது" என்று சொல்லிவிடுவாய். கதை அங்கே முடியவில்லை, அப்பன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஜூலை மாதத்துக்குப் போவோம். 2021-22 சீசனில் கல்கரி 111 புள்ளி எடுத்துப் பசிபிக் பிரிவில் முதலாவதாக வந்தது. கோட்ரோ, லிண்ட்ஹோம், கச்சக் மூன்று பேரும் ஒரே லைனில் ஆடி, ஆளுக்கு 40 கோலுக்குக் குறையாமல் அடித்தார்கள். பிறகு 2022 ஜூலை 13 அன்று கோட்ரோ கொலம்பஸுக்குப் போனான். ஒப்பந்தம் முடிந்த ஆள், விருப்பமான இடத்துக்குப் போகலாம். கல்கரிக்குப் பதிலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. (அந்தப் பிள்ளையும் அவன் தம்பியும் 2024 ஓகஸ்டில் சைக்கிளில் போகும்போது கார் அடித்து இறந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும். பெயரை எழுதிவிட்டு அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.) அந்தச் சூடு ஆற முதல், நீண்ட ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று கச்சக்கும் சொல்லிவிட்டான். இன்னும் ஒரு வருசம் அவனைப் பிடித்து வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு அவனும் கோட்ரோ மாதிரிச் சும்மா போய்விடுவான்.

அப்போது கல்கரியின் பொது முகாமையாளராக இருந்த பிறட் ட்ரெலிவிங்கின் கையில் அன்றைக்கு இருந்தது அவ்வளவுதான். போகப்போகிறேன் என்று சொன்ன ஒரு பொடியன், அது தெரிந்துவிட்ட மற்ற அணிகள். அப்படியான நிலையில் விற்கிறவனுக்கு வழக்கமாக என்ன கிடைக்கும்? இரண்டு இளம் பொடியன்கள், ஒரு டிராஃப்ட் இடம் (புதுப் பொடியன்களை அணிகள் தெரிவு செய்கிறபோது ஒரு முறை), கொஞ்சம் நம்பிக்கை. ஜூலை 22 அன்று கல்கரிக்குக் கிடைத்ததைப் பார். ஜொனதன் ஹூபர்டோ, முந்தின சீசனில் கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழி செய்து கொடுக்கிற பாஸ்) சேர்த்து 115 புள்ளி எடுத்தவன். அதில் 85 அசிஸ்ட், இடது விங்கில் ஆடுகிற ஒருத்தன் அதற்கு முன் ஒரு சீசனில் அவ்வளவு எடுத்ததே இல்லை. அவனோடு மக்கென்சி வீகர், அந்த வருசம் லீக்கிலேயே அதிக புள்ளி எடுத்த அணியின் முக்கியமான டிஃபென்ஸ் ஆள். அவர்களோடு கோல் ஷ்விண்ட் என்ற இளம் பொடியனும், நிபந்தனையோடு ஒரு முதல் சுற்று டிராஃப்ட் இடமும். அன்றைக்குக் கல்கரியில் பலர் ட்ரெலிவிங்கைத் தலையில் தூக்கி வைத்தார்கள். நொந்துபோனது ஃபுளோரிடா ரசிகர்கள். நீயும் அந்த இரவு எனக்குப் போன் எடுத்து, "அம்மா, கொள்ளை அடிச்சிட்டம்" என்று சொன்னாய். நான் மறக்கவில்லை.

உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லுகிறேன். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய ஒன்று வயது. கச்சக்குக்கு 24, ஹூபர்டோவுக்கு 29. இரண்டாவது, ஆட்ட முறை. ஃபுளோரிடா அந்த வருசம் லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி, பக் என்கிற அந்தத் தட்டு கிடைத்ததும் எல்லாரும் முன்னுக்கு ஓடுவார்கள். ஹூபர்டோ பக்கவாட்டில் வேகத்தைக் குறைத்து, ஒரு கணம் ஒன்றும் செய்யாமல் நிற்பான். எதிரணி ஆள் அவனை நோக்கி ஒரு காலை எடுத்து வைப்பான். அந்த ஒரு காலுக்குத்தான் அவன் காத்திருந்தது. அந்த ஆள் விட்ட இடைவெளிக்குள்ளால் பக் மற்றப் பக்கம் போய்ச் சேரும். அப்படி அனுப்பினால் அங்கே ஓடி வர ஆள் வேண்டும். பயிற்சியாளர் டரில் சட்டரின் கல்கரியில் அது இல்லை. அங்கே மூலைக்குப் பக்கை அடித்துவிட்டுப் போய் முட்டி எடுக்க வேண்டும். முதல் வருசம் 55 புள்ளி, அடுத்த வருசம் 52. அதே முதல் வருசம் கச்சக் அங்கே 109. இந்த இடைவெளியை நான் மறைக்கவில்லை.

ஆனால் நீ கோபப்படுகிற காசு அந்த ட்ரேட்டில் இல்லை, மகன். அது ஓகஸ்டில் போட்ட வேறு ஒரு கையெழுத்து. ட்ரேட் நடந்தபோது ஹூபர்டோவின் பழைய ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருசம் மிச்சம் இருந்தது. கல்கரி அந்த ஒரு வருசத்தை ஆடிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இரண்டு கிழமைக்குள் 8 வருசத்துக்கு 84 மில்லியன் அமெரிக்க டொலர் எழுதிக் கொடுத்தார்கள். வருசத்துக்கு 10.5 மில்லியன். அது தொடங்கின 2023-24 சீசனில் ஒரு அணி மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 83.5 மில்லியன், கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு ஒரே ஆளுக்கு. அது முடியும்போது ஹூபர்டோவுக்கு 38 வயது. கச்சக்கின் 8 வருசம் வருசத்துக்கு 9.5 மில்லியன், முடியும்போது அவனுக்கு 32. கோட்ரோவையும் கச்சக்கையும் ஒரே மாதத்தில் இழந்த பயத்தில் போட்ட கையெழுத்து அது என்று நான் நினைக்கிறேன். இன்னொருத்தனும் போய்விட்டால் ஊர் சிரிக்கும் என்ற பயம். அந்தப் பயத்தை ட்ரேட்டின் கணக்கில் எழுதாதே. நீட்டின பேப்பரில் கையெழுத்து வைத்தவனின் கணக்கில் எழுதவே எழுதாதே. அவ்வளவு காசை யாரும் நீட்டினால் நீ வேண்டாம் என்பாயா?

கப்பை வைத்துக் கணக்குப் பார்ப்பதற்கு இனி வருகிறேன். இதற்கு உன் கல்கரியும் என் ரொறன்ரோ லீஃப்ஸும் செய்த பழைய ட்ரேட் ஒன்றே போதும்.

1992 ஜனவரி 2. கல்கரியில் சம்பளத் தகராறு முற்றி டக் கில்மர் அணியை விட்டு வெளியேறியிருந்தான். கல்கரி அவனையும் இன்னும் நாலு பேரையும் ரொறன்ரோவுக்குக் கொடுத்து, கரி லீமனையும் இன்னும் நாலு பேரையும் எடுத்தது. மொத்தம் பத்துப் பேர். ரொறன்ரோவில் அதைச் செய்தவர் கிளிஃப் ஃபிளெச்சர். அவர் அதற்கு முதல் கல்கரியிலேயே பொறுப்பில் இருந்தவர், 1989 இல் கப் வென்ற அணியைக் கட்டியவர், கில்மரை உள்ளங்கை போலத் தெரிந்தவர். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஆங்கிலமும் சரியாக விளங்காத காலம். ஹொக்கியின் சட்டம் ஒன்றும் தெரியாமல் நான் பார்க்கத் தொடங்கினது கில்மரால்தான். 1992-93 இல் 127 புள்ளி எடுத்தான், லீஃப்ஸில் ஒரு சீசனில் அவ்வளவு எடுத்த ஆள் வேறு இல்லை. அந்த வருசம் செயின்ட் லூயிஸுக்கு எதிராக இரண்டாவது ஓவர்டைமில் அடித்த கோலை நீ பழைய வீடியோவில் பார்த்திருப்பாய். கோலுக்குப் பின்னால் பக்கோடு நிற்கிறான். ஒரு பக்கம் போகிறமாதிரி, திரும்பி மற்றப் பக்கம், மறுபடி திரும்பி. கோல் கீப்பரும் முன்னுக்கு நின்றவர்களும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஆடிக்கொண்டு நிற்க, அவன் சுற்றி வந்து உள்ளே தள்ளினான். அப்பா பக்கத்து வீட்டுக்காரர் எழும்பிவிடுவார்கள் என்று என் வாயைப் பொத்தினார்.

லீமன் கல்கரிக்காக மொத்தம் 11 கோல் அடித்தான். ரொறன்ரோவில் ஒரே சீசனில் 51 அடித்தவன்! ஒரு வருசத்துக்குச் சற்று மேலே இருந்துவிட்டு மொன்றியலுக்கு மாற்றப்பட்டான். இப்போது பார், 1993 இல் லீஃப்ஸ் ஏழாவது ஆட்டத்தில் கிரெட்ஸ்கியின் லொஸ் ஏஞ்சலிஸிடம் தோற்று வெளியே போனது. லொஸ் ஏஞ்சலிஸ் இறுதிப் போட்டியில் மொன்றியலிடம் தோற்றது. அந்த மொன்றியல் அணியில் லீமன் இருந்தான். கில்மருக்கு ரொறன்ரோவில் ஒரு கப்பும் இல்லை, லீமனுக்கு அடுத்த வருசமே கப். கப்பை மட்டும் பார்த்தால் ட்ரேட்டில் வென்றது லீமனா? ஒருத்தரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அந்த ட்ரேட் கல்கரிக்குப் பெரிய நட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கப் இல்லாமலே.

அது ஏன் நட்டம் என்று யோசித்துப் பார். கில்மர் கேட்டது சம்பளம். அதைக் கொடுத்து அவனை வைத்திருக்க வழி இருந்தது. வழி இருந்தும் விட்டார்கள். 2022 இல் கச்சக் கேட்டது காசு இல்லை. எவ்வளவு கொடுத்தாலும் இருக்கமாட்டேன் என்றவனை என்ன செய்வது? அதனால்தான் இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது என்கிறேன். ஃபுளோரிடாவுக்கு லாபம் என்று நீ சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். 2023 இல் கரோலைனாவுக்கு எதிராக நாலாவது ஓவர்டைமில் கச்சக் அடித்த கோல், அந்த வருசத்து இறுதிப் போட்டியில் நெஞ்செலும்பு உடைந்த நிலையில் ஆடினது, பிறகு 2024, 2025 கப் இரண்டும். அப்படி ஒரு ஆள் யாருக்குக் கிடைத்தாலும் லாபம். ஆனால் அவர்களுக்கு லாபம் என்றதாலேயே உங்கள் ஆட்கள் மடையர்கள் என்று ஆகிவிடாது. அவர்கள் வேறு யாரிடம் போய் இதைவிடக் கூடக் கேட்டு வாங்கியிருக்கலாம் என்று நீ எனக்கு இதுவரை சொல்லவில்லை. அந்த டிராஃப்ட் இடத்தைப் பற்றி நீ சொன்னது மட்டும் சரி. ஃபுளோரிடா கப் வென்றபடியால் அது முதல் சுற்றின் கடைசி இடமாக, 32 ஆவதாக வந்தது.

அப்பா உன் பக்கம். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி இல்லை, அங்கே போகச் சொன்னால் யார்தான் போகமாட்டான் என்று கேட்கிறார். நல்லது. அப்படியென்றால் அங்கிருந்து இங்கே அனுப்பப்பட்டவனை யோசியுங்கள் இரண்டு பேரும். ஹூபர்டோவை 2011 இல் மூன்றாவது இடத்தில் எடுத்தது ஃபுளோரிடா. அங்கே பத்து சீசன் ஆடினான். ஒருத்தரும் பார்க்க வராத காலத்தில் அந்த அணியைச் சுமந்தான். 115 புள்ளி எடுத்த வருசமே அவனை அனுப்பினார்கள். அவன் போகவேண்டும் என்று கேட்கவில்லை. அவன் விட்டுப்போன அறையில் அடுத்த மூன்று வருசத்தில் இரண்டு கப். அதைப் பார்த்துக்கொண்டு அவன் வேறு ஊரில், தனக்குப் பொருந்தாத ஆட்டத்தை ஆடிக்கொண்டு, இரவிரவாக ஏச்சு வாங்குகிறான். உன் கம்பனி உன்னைக் கல்கரிக்கு மாற்றினபோது முதல் குளிர்காலம் உனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். போனில் உன் குரலைக் கேட்டவள் நான். உன் வேலையில் அந்த வருசம் நீ உன் முழுத் திறமையைக் காட்டினாயா? உன் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கத்தவில்லை, அதுதான் வித்தியாசம். 2024-25 இல் அந்தப் பொடியன் 28 கோல் அடித்தான், பின்னுக்கு ஓடி வந்து பக் பறித்தான். அந்த வருசம் உங்கள் அணி செயின்ட் லூயிஸோடு சரிசமமாக 96 புள்ளி எடுத்தும் பிளேஓஃபுக்குப் போகவில்லை. அவனைத்தான் ஏசினாய்.

நான் லீஃப்ஸ்காரி என்றபடியால் கல்கரிக்கு நீதி சொல்வது சுலபம் என்று நினைக்காதே. ட்ரெலிவிங் 2023 மே மாதம் எங்களிடம்தான் வந்தார். 2025 இல் எங்கள் நட்சத்திர ஆள் மார்னர் வேகாஸுக்குப் போகும்போது அவர்தான் பொறுப்பில் இருந்தார். எங்களுக்குக் கிடைத்தது நிக்கொலா ரோயா என்ற ஒரே ஒரு ஆள். மார்னரின் ஒப்பந்தம் முடிய மணித்தியாலக் கணக்குத்தான் மிச்சம், அந்த நிலையில் ஒரு ஆள் கிடைத்ததே பெரிது. எனக்கு அந்த நாளில் கோபமில்லை. என் கோபம் 2023 ஜூலை 1 மேல். அன்றோடு அவன் சம்மதமில்லாமல் அவனை எங்கும் அனுப்ப ஏலாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் அமுலுக்கு வந்தது. யோசிக்க வேண்டியவர்கள் அதற்கு முதல் யோசித்திருக்க வேண்டும். நட்டம் எந்தத் திகதியில் நடந்தது என்று நான் தேடுவது என் அணிக்கும் சேர்த்துத்தான்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். 2022 ஜூலை 22 காலை, நீதான் அந்தக் கதிரையில் இருக்கிறாய். கோட்ரோ போய் ஒன்பது நாள். கச்சக் இருக்கமாட்டான். ஃபுளோரிடா ஹூபர்டோவையும் வீகரையும் தருகிறேன் என்கிறது. நீ வேண்டாம் என்கிறாய், சரி. வேறு எந்த அணியிடம், எந்த ஆளைக் கேட்பாய்? உன் கூட்டாளிகளையும் கூப்பிட்டு இருத்தி, ஆள் ஆளாகப் பெயர் எழுதி எனக்கு அனுப்பு. வயதையும் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் எழுத மறக்காதே, நான் பார்ப்பேன்.

இரவில் நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா