பின் பிறேக்கில் அளவுக்கு மேல் ஒயில் ஏற்றியது தொடர்பான புகார்

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

ஐயா / அம்மணி,

விடயம்: தங்கள் மட்டக்களப்புக் கிளையில் செய்த ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் வேலை

என் மௌண்டன் பைக் சைக்கிளின் பின் பிறேக் லீவர், இழுத்தால் கைபிடி வரை வந்துவிடும் நிலைக்குப் போயிருந்தது. போன மாதம் அதை உங்கள் மட்டக்களப்புக் கிளையில் பிறேக் ஒயிலுக்குள் புகுந்த காற்றை எடுத்து, ஒயில் மாற்றக் கொடுத்தேன். சில்லோடு சுற்றும் தட்டை (றோட்டரை) இரு பக்கமும் இருந்து நெரிக்கும் பேட்டும் தேய்ந்திருந்ததால் புதியது போடச் சொன்னேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

லீவர் கல்லுப் போல இறுகித்தான் வந்தது. சில்லுத்தான் சுற்றவில்லை. பின் சில்லைத் தூக்கிக் கையால் சுழற்றினால் ஒரு சுற்றுக்கூட முழுதாக வராமல் நின்றது. நீங்கள் தொடாத முன் சில்லோ லேசாகத் தட்டினாலே ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் கேட்டேன். "புதுப் பேட்தானே அண்ணன், ஓட ஓடச் சரியாகிரும்" என்றார் அங்கிருந்த தம்பி.

சரி என்று நம்பி, கல்லடியில் இருந்து மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலை வரை ஓடினேன். காலையில் உரசல் சத்தத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டேன். வெயிலில் விட்டிருந்த பைக்கை மத்தியானம் எடுத்தால் பின் சில்லு அசைய மறுத்தது. சீற்றைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கியபடியே பாலம் வரை தள்ளிக்கொண்டு வந்தேன். வாவிக் காற்று இருந்ததால் தப்பினேன்.

இரண்டாம் முறை கொண்டுபோனபோது உங்கள் மெக்கானிக், பேட்டும் பிஸ்டனும் இருக்கும் காலிப்பரைத் தளர்த்தி நேராக்கிப் பார்த்தார். அது போதாதென்று றோட்டரை ஸ்பானரால் பிடித்து வளைத்தார். உரசல் குறையவில்லை, சுற்றுக்கு ஒரு தரம் 'சிக்' என்ற புதுச் சத்தம்தான் சேர்ந்தது. றோட்டர் கோணினால் இப்படி விட்டு விட்டுத்தான் உரசும். காலிப்பர் கோணினால் பெரும்பாலும் ஒரு பக்கப் பேட்தான் உரசும். எனக்கோ முதல் நாளில் இருந்தே இரண்டு பக்கமும், சுற்று முழுவதும் உரசியது. இதை அங்கே நின்றே சொன்னேன். கேட்பார் இல்லை.

காரணம் என் கண் முன்னால் நடந்தது. தேய்ந்த பேட் உள்ளே இருக்கும்போதே ஒயில் ஏற்றினார்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அந்த நிலையில் முட்ட நிரப்பிவிட்டு, தடித்த புதுப் பேட்டை நெருக்கிச் செருகினால் பிஸ்டன் பின்வாங்க எங்கே இடம்? வெயிலில் ஒயில் விரிய, பிஸ்டன் இன்னும் வெளியே வரும். இதற்காகத்தான் பேட்டைக் கழற்றி, பிஸ்டனை முழுதாக உள்ளே தள்ளி, நடுவில் பிளாஸ்ரிக் கட்டையை வைத்து ஒயில் ஏற்றச் சொல்லிப் பிறேக் கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

கடைசியில் வீட்டில் நானே செய்தேன். சில்லையும் பேட்டையும் கழற்றினேன். லீவரில் உள்ள ஒயில் ஸ்குரூவைத் திறந்து குவளையைப் பொருத்தி, ரயர் கழற்றும் பிளாஸ்ரிக் நெம்பால் பிஸ்டன்களை மெல்ல உள்ளே தள்ளினேன். குவளைக்குள் ஒயில் ஏறியது. சிரிஞ்சில் எடுத்துப் பார்த்தால் 2 மில்லிலீற்றர் கூட இல்லை. இந்தத் துளிக்காகத்தான் இரண்டு தரம் உங்கள் கிளைக்கு அலைந்தேன். காலிப்பரை நேராக்கிப் பூட்டியதும் உரசல் நின்றது. 'சிக்' மட்டும் இன்னும் இருக்கிறது. அது உங்கள் ஸ்பானர் தந்தது.

ஆகவே வேலைக்கூலியைத் திருப்பித் தாருங்கள். வளைத்த றோட்டருக்குப் பதிலாக அதே 160 மில்லிமீற்றர் அளவில் புதியதொன்றும் தர வேண்டும். பேட்டுக்கும் ஒயிலுக்கும் பணம் கேட்கவில்லை, அவை நல்ல சாமான்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

இன்னொன்று: இந்தக் காசை மெக்கானிக் தம்பியின் சம்பளத்தில் பிடிக்க வேண்டாம். அவருக்கு அந்தப் பிளாஸ்ரிக் கட்டையை வாங்கிக் கொடுங்கள். உங்கள் கிளையில் அது ஒன்றுகூட இல்லை என்று அவரே சொன்னார்.

இப்படிக்கு,
கல்லடி வாடிக்கையாளர்