நைஜீரியா சரிஞ்சுச்சுன்னு செய்தி போடுற ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் சேனல்கள்லயும் பத்திரிகைகள்லயும் வெளிநாட்டுச் செய்தி பாக்குற ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஜோகன்னஸ்பர்க்ல நாலு வருஷம் வேலை பாத்துட்டு இப்போ லாகோஸ்ல இருக்கேன், அந்த உரிமையில எழுதுறேன். ஆப்பிரிக்காவுலயே பெரிய பொருளாதாரம்னு ஒரு வருஷம் நைஜீரியாவைப் போடுறீங்க, அப்புறம் தென்னாப்பிரிக்கான்னு போடுறீங்க, ஏன் மாறுச்சுன்னு ஒரு வரி இருக்கறதில்ல.

2014 ஏப்ரல்ல நைஜீரியா தன்னோட ஜிடிபி (நாட்டோட மொத்த உற்பத்தி) கணக்கோட அடிப்படை வருஷத்தை, அதாவது எந்த வருஷத்துப் பொருளாதாரத்தை அளவுகோலா வைக்கிறாங்களோ அதை, 1990ல இருந்து 2010க்கு மாத்துச்சு. செல்போன், நாலிவுட்னு சொல்ற நைஜீரிய சினிமா எல்லாம் பழைய கணக்குல சரியா வரவே இல்ல, அதையும் சேத்தவுடனே 2013க்கான ஜிடிபி 89 சதவீதம் ஏறி சுமார் 51,000 கோடி டாலர் ஆகி தென்னாப்பிரிக்காவை முந்திருச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி எந்த வீட்டு அடுப்புலயும் ஒரு பிடி அரிசி கூடுதலா வேகல.

இறங்குனதும் அப்படித்தான். 2023 ஜூன்ல நைஜீரியப் பணமான நைராவை மார்க்கெட் ரேட்டுக்கு விட்டாங்க, டாலருக்கு 470 பக்கம் இருந்தது எட்டு மாசத்துல 1,500ஐ தொட்டுச்சு, நாட்டோட உற்பத்தி கொஞ்சம் வளந்துதான் இருந்துச்சு ஆனா டாலர்ல மாத்திப் பாத்தா 2024ல தென்னாப்பிரிக்கா, எகிப்து, அல்ஜீரியாவுக்குப் பின்னாடி நாலாவது இடம். நீங்க அதை மட்டும் போட்டீங்க. பெட்ரோல் மானியத்தை எடுத்ததுல 200 நைராவுக்குள்ள இருந்த லிட்டர் ஒரே வாரத்துல 500 பக்கம் போனதுதான் இங்க இருக்கறவங்களுக்கு செய்தி, ஏன்னா இங்க பெட்ரோல்ங்கிறது வண்டிக்கு மட்டும் இல்ல, வீட்டு ஜெனரேட்டருக்கும்தான். 22 கோடி பேருக்கு மேல இருக்குற நாட்டுல கிரிட் மின்சாரம் 4,000, 5,000 மெகாவாட் அளவுதான். கரண்ட் வந்தா எங்க தெருப் பசங்க மொத்தமா "அப் நேப்பா!"ன்னு கத்துவாங்க, நேப்பாங்கிறது எப்பவோ போய்ட்ட பழைய மின்வாரியத்தோட பேரு. தென்னாப்பிரிக்காவுலயும் லோட் ஷெட்டிங்ல கஷ்டப்பட்டிருக்கேன், ஆனா அந்த மோசமான நாள்லகூட அங்க இதைவிட பல மடங்கு கரண்ட் இருந்துச்சு, ஜனங்க 6 கோடி சொச்சம்தான்.

அந்த 22 கோடியுமே மதிப்பீடுதாங்க. நைஜீரியாவுல கடைசியா தலை எண்ணுனது 2006ல, அப்போ 14 கோடி. தலைக்கு இவ்ளோ வருமானம்னு வகுக்கும்போது கீழ இருக்குற நம்பரே எண்ணிப் பாத்தது இல்லைன்னு வாசகருக்குத் தெரிய வேணாமா?

தலைக்கு 6,000 டாலர் பக்கம்னு தென்னாப்பிரிக்காவை உயரத்துல வைக்கிறதும் பாதி உண்மைதான். ஜோகன்னஸ்பர்க்ல பணக்கார ஏரியாவான சாண்ட்டன்ல கண்ணாடி பில்டிங்ல இருந்து பாத்தா நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் ஏழைங்க நெருக்கி வாழுற அலெக்ஸாண்ட்ரா, தகரக் கூரையும் ஒரு பொதுக் குழாயைச் சுத்தி பக்கெட் வரிசையும். வேலை பாக்குறவங்க, தேடுறவங்க எல்லாரையும் சேத்தா மூணுல ஒருத்தருக்கு வேலை இல்ல. சராசரி போட்டா அந்த வரிசை கண்ணுலயே படாது.

அதனால அடுத்த பட்டியல் வரும்போது தலைப்புக்குக் கீழயே மூணு விஷயம் போடுங்க: எந்த டாலர் ரேட்டுல கணக்கு, தலைக்கு எவ்ளோ, கடைசி சென்சஸ் எந்த வருஷம். ரெண்டு வரி இடம் போதும்.

அன்புடன்,
லாகோஸ்ல இருந்து உங்க வாசகன்